புல்லை ஒழிக்க நான் நட்ட மரங்கள்

நான் படிப்பிக்கிற பாடசாலையில் வருடத்துக்கு ஒரு தடவை மரம் நடுவார்கள். அன்றைக்கென்று எனக்குத் தலைவலி வந்துவிடும். பிள்ளைகள் மண்வெட்டியும் கன்றுமாக வரிசையில் போகும்போது நான் ஓய்வறையில் உட்கார்ந்து கொப்பி திருத்திக்கொண்டிருப்பேன். "மரத்தைக் கண்டா ஏன் டீச்சர் ஒங்களுக்கு ஆகாது?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். இயற்கையை நேசித்ததற்காகச் சின்ன வயதிலேயே சான்றிதழ் வாங்கியவள் நான் என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். எதற்காக அதை வாங்கினேன் என்று சொன்னால் என் முகத்திலேயே முழிக்கமாட்டார்கள்.

பொறாமையில் வாங்கினேன். வேறு நல்ல சொல்லாகக் கிடைக்குமா என்று இத்தனை வருடமாகத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

சித்தி குவைத்துக்குப் போனபோது நான் நாலாம் வகுப்பு. தன் மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவள் என்னைவிட ஒரே ஒரு வயது இளையவள். சித்தப்பா எங்கே என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அம்மா சட்டியை ஓங்கி வைப்பாள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், வரிசையாக ஒட்டின வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு காம்பரா அறை, முன்னால் ஒரு இஸ்தோப்புத் திண்ணை. அதற்குள் நான், அம்மா, அப்பா என்று மூன்று பேர் இருந்தோம். அதுவரை அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கிறவள் நான். சித்தி மகள் வந்த அன்றே அம்மா நடுவில் அவளைப் போட்டுக்கொண்டாள். "பாவம், புது எடம், பயப்படும்" என்றாள். அந்தப் பயம் ஐந்து வருடத்துக்குத் தீரவேயில்லை.

அவளைக் கூட்டிவந்த கையோடு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு பேச்சு நடந்தது. நான் போர்வைக்குள் இருந்து கேட்டேன். இன்னொரு வயிற்றுக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. இருப்பதை வைத்துக் கேட்டார். அம்மா சொன்னாள்:

"ஒரு மாடு பிடிப்போம். நானும் அவளும் புல்லு அறுத்துக்குறோம். பாலு அவ பங்கு. ஒங்க சம்பளத்துல நான் கை வைக்க மாட்டேங்க."

இதில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. வந்து இரண்டு நாள் ஆகாதவளுக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுக்கிறார்கள். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிற எனக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்கள்? நாலு கொப்பியும் ஒரு ரப்பரும்.

மாடு வந்தது. லயத்துக் கோடியில் அதற்கு ஒரு பட்டி கட்டினார்கள். புல்லுக்குக் கவலையில்லை. லயத்துக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்திலிருந்து மலை உச்சி வரைக்கும் பத்தனைதான். காடே இல்லாத புல்மலை. இடுப்பளவு மானாப்புல், அதன் காலடியில் மெத்தைபோல இன்னொரு புல், அங்கங்கே கோணல்மாணலாக ஒரு காட்டு மரம், அதில் வருடத்தில் சில நாள் சிவப்பாகப் பூ. காற்று வீசினால் மலையே நடக்கிற மாதிரி இருக்கும். கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் அம்மா கூடையை இறக்கி வைத்து, கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவாள். சித்தி மகள் பின்னாலேயே ஓடுவாள். நானும் செருப்பை மாட்டினால் அம்மா திரும்பிப் பார்ப்பாள்.

"நீ எங்க? ஒனக்கு கிளாஸ் இருக்குல்ல. போய் படி."

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாலாம் வகுப்பிலிருந்தே பின்னேர வகுப்பு வைத்திருந்தார்கள். லயத்தில் அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகள் மூன்றே பேர். அம்மா என்னை வகுப்புக்கு விரட்டுவாள், அவளை மலைக்குக் கூட்டிப்போவாள். எனக்குக் கூட்டல் கழித்தல், அவளுக்கு அம்மா. இது எந்த ஊர் நியாயம் என்று அன்றாடம் பொருமுவேன்.

இருட்டுகிற நேரத்தில் இரண்டு பேரும் இறங்கி வருவார்கள். அம்மா தலையில் பெரிய புல்லுக்கட்டு, அவள் தலையில் சின்னது. புல் முகத்தை மறைத்திருக்கும். சிரிப்புச் சத்தம் மட்டும் முன்னால் வரும். என்னத்தைச் சிரிப்பார்களோ! அவள் கழுத்து சிவந்திருப்பதையும், கை முழுக்கப் புல் கிழித்த கோடு இருப்பதையும் நான் பார்க்காமல் இல்லை. அம்மா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். எனக்கும் ஒரு கோடு வேண்டுமென்று பென்சில் கூரால் கையில் கீறிக்கொண்டு போய்க் காட்டினேன். "பென்சிலை வச்சுக்கிட்டு என்னடி வெளையாட்டு?" என்று ஒரு குட்டு விழுந்தது. எண்ணெய் கிடைக்கவில்லை.

அவள் என்னை "அக்கா, நீங்க" என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வயது மூத்தவளை எங்கள் லயத்தில் எவளும் நீங்க போட்டுப் பேசமாட்டாள். இன்று அவள் கொழும்புப் பக்கம் குடும்பமாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். போனில் பேசினால் இப்போதும் அதே "நீங்க"தான். அம்மாவிடம் நல்ல பெயர் வாங்க நடிக்கிறாள் என்று அந்த நாளில் நான் முடிவு கட்டியிருந்தேன்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்தக் கடிதம். சித்திக்கு மாதம் ஒரு கடிதம் போகும். அம்மாவுக்கு எழுத வராது. சித்தி மகளுடைய எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். ஆகவே எழுதுகிறவள் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள், நான் எழுத வேண்டும். "நானும் பெரியம்மாவும் மலைக்குப் போனோம். பெரியம்மா எனக்குப் புதுப் பூ காட்டினாங்க. மாடு என்னைக் கண்டா கத்துது." என் கையாலேயே இதை எழுத வைத்தார்களே, இதைவிட ஒரு தண்டனை உண்டா?

எழுதி முடித்ததும் மலையில் பறித்த ஒரு பூவைக் கடிதத்துக்குள் வைத்து மடிப்பாள். ஒரு மாதம் நீலப் பூ, நடுவில் மஞ்சள் வைத்தது. இன்னொரு மாதம் தரையோடு ஒட்டிக் கிடக்கிற வெள்ளைப் பொட்டு. ஒற்றைத் தண்டில் அடுக்கடுக்காக ஏறுகிற ரோஸ் பூ. ஒருமுறை, ஈரமான இடத்தில் முளைத்துச் சின்னப் பூச்சிகளை ஒட்டவைத்துத் தின்கிற ஒரு சிவப்புச் செடியையே வேரோடு கொண்டுவந்துவிட்டாள். எதற்கும் எங்களுக்குப் பேர் தெரியாது. வைத்த பூவையே அவள் இரண்டாவது தடவை வைத்தால் மானத்தை வாங்கிவிடலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். மாதம் மாதம் உற்றுப் பார்ப்பேன். அவள் சிக்கவேயில்லை. சும்மா புல்லென்று நாங்கள் சொல்லுகிற மலைக்குள் அத்தனை வகை இருந்திருக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அப்படியிருக்கும்போதுதான், அந்த வருட ஐப்பசி மழை தொடங்கின நேரம், மரம் நடுகிறவர்கள் வந்தார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு வேனில் நாலைந்து பேர், தோட்டத்தை நடத்துகிற துரை, வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா எல்லோரும் பாடசாலைக்கு வந்து நின்றார்கள். வந்தவர்களில் பெரியவர் சிங்களத்தில் பேச, எங்கள் அதிபர் தமிழில் சொன்னார். பின்னால் தெரிகிற மலை மொட்டையாகக் கிடக்கிறதாம். சும்மா கிடக்கிற இடமாம். மரம் வைத்தால் பசுமை வருமாம், மழை வருமாம், தண்ணீர் பெருகுமாம். தோட்டத்துக்கும் தேயிலை காயவைக்க விறகு கிடைக்குமாம். மழை வரவில்லை என்று எங்கள் ஊரில் அதுவரை யாரும் குறைப்பட்டதில்லை; உடுப்புக் காயவில்லை என்பதுதான் வருடம் முழுக்க எங்கள் குறை. இருந்தாலும் கை தட்டினோம். முதலில் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு துண்டில் வைத்துப் பார்ப்பது, பிழைத்தால் தோட்டமே மலை முழுக்க வைப்பது என்று ஏற்பாடு.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள்.

"சும்மா கெடக்குதாமா? அப்போ நான் தெனம் எங்க போயிட்டு வர்றேன்?" என்றாள். பிறகு, "என்ன மரமாம்?" என்று கேட்டாள்.

யூகலிப்டஸ் என்றேன். லயத்தில் நாங்கள் அதை டர்பன்டைன் என்போம். ஃபெக்டரிக்குப் பின்னால் பழைய டர்பன்டைன் காடு ஒன்று இருந்தது.

"போச்சு போ. அந்தக் காட்டுக்குள்ள போய்ப் பாரு, கீழ ஒரு புல்லு மொளைச்சிருக்கா? மாடு உள்ள போனா வெறும் வாயோடதான் வெளிய வரும்."

அம்மா அதை வருத்தத்தில் சொன்னாள். எனக்கோ தலைக்குள் விளக்குப் போட்டதுபோல இருந்தது. மரம் வந்தால் புல் போய்விடும். புல் போய்விட்டால் இவர்கள் இரண்டு பேரும் மேலே போக வேண்டியதில்லை. அம்மா பின்னேரத்தில் வீட்டில் இருப்பாள். சித்தி மகளின் மாட்டையும் பூவையும் பிறகு யார் சீண்டுவது?

வேனில் வந்தவர்கள் படித்தவர்கள். துரை பெரிய படிப்புப் படித்தவர். அந்த மலையில் மரம் வைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு மரம் வைத்தவள், அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

நடுகிற அன்று ஆளுக்கு இரண்டு கன்று கொடுத்தார்கள். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். வைக்க அலுப்புப்பட்ட பையன்களின் கன்றையெல்லாம் வாங்கிக்கொண்டேன். மொத்தம் பதினொன்று. மற்றவர்கள் பாதை ஓரத்தில் வைத்தார்கள். நான் எங்கே வைத்தேன் தெரியுமா? அம்மாவும் அவளும் தினமும் புல் அறுக்கிற பள்ளத்தில். கடிதத்துக்குப் பூ வருகிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அத்தனை மாதத்துப் பொறாமையையும் சேர்த்து அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

சித்தி மகள் என் கூடவே வந்து குழி வெட்டித் தந்தாள். ஒரு குழியில் மண்ணோடு அந்த ரோஸ் பூச் செடியின் கிழங்கு வந்துவிட்டது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இதுக்கு வேற எடம் பாக்கட்டுமா?"

"புல்லுதானடி. தூக்கிப் போடு."

அவள் தூக்கிப் போடவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வேறோர் இடத்தில் புதைத்துவிட்டு வந்தாள். அதிபர் வந்து என் பதினொரு கன்றையும் எண்ணிப் பார்த்து என் தலையில் கை வைத்தார். எனக்குப் பெருமையில் கால் தரையில் படவில்லை.

தை மாதம் பனி கொட்டியது. எங்கள் பக்கம் பனி கொட்டினால் விடியும்போது தேயிலை வெள்ளையாக இருக்கும்; வெயில் ஏறினதும் கொழுந்தெல்லாம் கருகிப் போகும். அந்த முறை நாள் கணக்கில் கொட்டியது. அந்த நாட்களில் அம்மாவும் அவளும் புதிதாக ஒரு வேலை தொடங்கினார்கள். பின்னேரம் போதாதென்று விடியற்காலையிலும் மலைக்குப் போனார்கள். கதவு கிரீச்சிடுகிற சத்தத்தில் எனக்கு முழிப்பு வரும். போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். திரும்பி வரும்போது அவள் விரலெல்லாம் விறைத்துச் சிவந்திருக்கும். அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து அம்மா அந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்ப்பாள். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் கவனித்தது தெரிந்துவிடும். எனக்குத் தெரியாமல் பூப் பறிக்கப் போகிறார்கள் என்று நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டு அதை வைத்தே வெந்துகொண்டிருந்தேன்.

பனி முடிந்து பார்த்தால் பாடசாலைப் பிள்ளைகள் வைத்த கன்றில் பெரும்பாலானவை கருகிச் சுருண்டிருந்தன. என்னுடையவை பதினொன்றும் பச்சையாக நின்றன. ஒன்று கூடச் சாகவில்லை. அதிபர் வாயைப் பிளந்தார். "ஒனக்கு நல்ல கைராசிம்மா!" என்றார். வேன் திரும்ப வந்தது. துரை வந்தார். பதினொரு கன்றுக்கும் நடுவில் என்னை நிறுத்திப் படம் பிடித்தார்கள். இங்கே மரம் வளரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று பெரியவர் துரையிடம் சொன்னார். காலைக் கூட்டத்தில் சான்றிதழ் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா அதைக் கையில் வாங்கினாள். வாசிக்கத் தெரியாது, என் பேர் எது என்று மட்டும் விரலை வைத்துக் கேட்டாள். காட்டினேன்.

"எத்தனை வச்ச?"

"பதினொன்னு."

"பதினொன்னும் பொழச்சிருச்சா?"

"ம்."

அம்மா கொஞ்ச நேரம் மேலே மலையைப் பார்த்தாள். "நல்லாத்தான் வச்சிருக்க" என்றாள். சான்றிதழைத் தன் கலியாணச் சேலைக்குள் மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அடுத்த மழைக்குத் தோட்டம் ஆள் போட்டு மலை முழுக்க டர்பன்டைன் வைத்தது. நான் அந்த வருடம் பரீட்சையில் பாஸாகி ஹட்டனில் பெரிய பாடசாலைக்குப் போனேன். காலையில் இருட்டோடு பஸ், பின்னேரம் இருட்டோடு பஸ். மரங்கள் என்னைவிட வேகமாக வளர்ந்தன. இரண்டாம் வருடம் அப்பா உயரம், மூன்றாம் வருடம் லயத்துக் கூரை உயரம். முதலில் தரையோடு கிடந்த சின்னப் பூக்கள் காணாமல் போயின. வெயில் கேட்கிற செடி, நிழலில் அது என்ன செய்யும்? பிறகு பள்ளத்து ஈரம் வற்றி அந்தச் சிவப்புச் செடி போனது. கடைசியாக மெத்தைப் புல்லும் போய், காய்ந்த இலையும் பட்டையுமாக ஒரு தரை வந்தது. லயத்துக்குப் பீலிக் குழாயில் வருகிற தண்ணீர் அந்த மலையிலிருந்து வருவது. மாசி மாதத்தில் அது கைப்பிடி அளவிலிருந்து விரல் அளவாகி, குடத்துக்குச் சண்டை தொடங்கியது. மழைக் காலத்தில் குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டது அந்தப் புல்தான் என்று இன்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். காடு அழிந்து மொட்டையான இடமில்லை அது, புல்லாகவே முழுசாக இருந்த இடம் என்றும் சொல்லுகிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் என் திட்டம் மட்டும் பலிக்கவில்லை. புல் போனதும் அவர்கள் வீட்டில் உட்காரவில்லை. உச்சியைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவுக்குப் புல் அறுக்கப் போனார்கள். முன்பு ஒரு மணித்தியாலத்தில் வந்தவர்கள் இப்போது இரண்டரை மணித்தியாலம் எடுத்தார்கள். நான் ஹட்டனிலிருந்து வந்து பூட்டின கதவுக்கு முன்னால் இஸ்தோப்பில் பசியோடு உட்கார்ந்திருப்பேன். அவர்களைப் பிரிக்கப் போய் ஒட்டவைத்துவிட்டேனே என்று பல்லைக் கடிப்பேன்.

அந்தச் சரிவிலும் தோட்டம் கன்று வைத்தது. மாடு மெலிந்தது. பால் குறைந்து குறைந்து ஒரு போத்தலுக்கு வந்து நின்றது. அந்த வருடம் அவள் ஒரு கடிதத்தில் பூவுக்குப் பதிலாக ஒரு டர்பன்டைன் இலையை வைத்து மடித்தாள். "வாசமா இருக்குல்லக்கா" என்றாள். சித்தி அப்போது மூன்றாவது தடவையாகக் குவைத்தில் இருந்தாள்; பதில் கடிதமும் பணமும் எப்போதாவதுதான் வரும். அடுத்த மாதம் அம்மா மாட்டை விற்றுவிட்டாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்போது சொல்லக் கூசுகிறது, ஆனால் சந்தோஷம்தான். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது அம்மா வீட்டில் இருந்தாள். ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். தானாகவே சீப்பை எடுத்து வந்து என் தலையைப் பிரித்து வாரினாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற கழுதை, அம்மாவின் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சித்தி மகள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் காலிப் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அப்பா, இன்னொரு வயிற்றுக்கு எங்கே போவது என்ற பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டார். பால் அவள் பங்கு என்று சொல்ல இந்தத் தடவை மாடு இல்லை. கீழ் லயத்து அக்கா ஒருத்திக்குக் கொழும்பில் தெரிந்த வீடு இருந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடு, பிள்ளை பார்க்க ஒரு பிள்ளை வேண்டும், நல்ல மனுஷர்கள் என்றாள். மூன்றாம் நாள் அம்மா சித்தி மகளுடைய உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

போகிற அன்று காலையில் என்னையும் வரச் சொன்னாள் அம்மா. மெயின் ரோட்டுக்குக் குறுக்குப்பாதை அந்த டர்பன்டைன் காட்டுக்குள்ளால் போகும். கீழ் லயத்து அக்காவும் அம்மாவும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். அம்மா ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். காலடியில் பட்டை நொறுங்குகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பள்ளம் வந்ததும் அவள் நின்று ஒரு மரத்தில் கை வைத்தாள்.

"இது ஒங்களோடதுக்கா. இங்கயிருந்து அந்தக் கல்லு வரைக்கும் பதினொன்னும் ஒங்களோடது."

அது சரிதான். ஆனால் மலை முழுக்க ஒரே மாதிரி மரம் நிற்கிறதே. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதா பின்ன?" என்று சிரித்தாள். "அந்தப் பனிக்கு நானும் பெரியம்மாவும் தெனம் வருவோமே. புதுத் தேயிலைக்கு வெயில் படாம புல்லு குத்துவாங்கல்ல, அதே மாதிரி அந்தியில மானாப்புல்லு அறுத்துக் கன்னு மேல கூடு மாதிரி கவுத்துட்டுப் போவோம். விடிய வந்து எடுத்துருவோம். நான்தான் பெரியம்மாகிட்டச் சொன்னேன், அக்கா வச்சது செத்தா அக்கா அழுவாங்கன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பெரியம்மாதான் சொல்லக் கூடாதுன்னாங்க. அவ கைராசின்னே நெனச்சுக்கட்டும், புள்ள படிக்கிற புள்ளன்னாங்க."

முன்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் மெதுவாகத்தான் இறங்கிப் போனேன். அதற்குள் அவள் ஏறி, கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

அந்தப் பதினொன்றும் அந்தத் தையில் கருகியிருந்தால் தோட்டம் மலையை விட்டிருக்கும், புல் இருந்திருக்கும், மாடு இருந்திருக்கும், அவள் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கமாட்டாள். புல் போய்விடும் என்று என்னிடமே சொன்ன அம்மா, நான் வைத்தது என்பதற்காகவே விடியற்காலைப் பனியில் போய் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். இதில் ஒன்று கூட அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. என் மரத்துக்குக் கூட இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள், அங்கேயும் என்னைக் கூப்பிடவில்லை என்ற ஒரே எரிச்சல்தான். பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் அவள் கை ஆடிக்கொண்டிருந்தது. நான் என் கையைத் தூக்கவில்லை.